பத்து வயதைக் குறைத்துக்கொண்ட மாணவி!

1917-ம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். பள்ளிக்கூடத்தில் சேர வந்த ஒரு பெண், தான் பிறந்த வருடம் 1901 என்று சொன்னார். அந்தக் கணக்குப்படி அவருக்கு வயது 16. உண்மையில் அவர் பிறந்தது 1891-ல். வயது 26!

ஏன் இந்தப் பொய்? அந்த மாகாணத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு 20 வயது வரைதான் இலவசப் படிப்பு. அவர் கையில் காசு இல்லை. படிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. அதனால் வயதிலிருந்து பத்து வருடங்களைக் கழித்துவிட்டார். அந்தக் கழித்தல் கணக்கை அவர் கடைசி வரை வெளியில் சொல்லவே இல்லை.

அவர் பெயர் சோரா நீல் ஹர்ஸ்டன். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் அவருடைய நாவல் பாடமாக இருக்கிறது. எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற கனவோடு நியூயார்க் வந்தவர் அவர். இலக்கியம் படிக்கத்தான் பர்னார்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், பட்டம் வாங்கியதோ மானுடவியலில்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. அந்தக் காலத்தில் மானுடவியல் என்ற பெயரில் பலர் செய்துகொண்டிருந்தது என்ன? கறுப்பின மக்களின் மண்டையை அளந்து, 'பாருங்கள், இவர்கள் மட்டமானவர்கள்' என்று நிரூபிக்கப் பார்த்ததுதான். அப்படிப்பட்ட ஒரு துறையை, ஒரு கறுப்பினப் பெண் ஏன் விரும்பிப் படித்தார்? அதுவும் அந்தக் குறிப்பிட்ட கல்லூரியில்?

பதிலைத் தேடி ஒரு மளிகைக் கடைத் திண்ணைக்குப் போக வேண்டும்.

புளுகுக் கச்சேரி

ஃப்ளோரிடா மாகாணத்தில் ஈட்டன்வில் என்று ஒரு சின்ன ஊர். 1887-ல் உருவானது. மேயர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் கறுப்பினத்தவர்கள். அடிமை முறை ஒழிந்து 22 வருடங்களே ஆகியிருந்த நாட்டில், தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட ஊர் அது. சோரா சின்னக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அங்கே வந்துவிட்டது. அப்பா தச்சர், தேவாலயப் போதகர். பிறகு அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். அம்மா முன்னாள் ஆசிரியை. எட்டுப் பிள்ளைகள்.

ஊரின் நடுவில் ஜோ கிளார்க் என்பவரின் கடை. சாயந்திரமானால் அந்தக் கடைத் திண்ணையில் ஆண்கள் கூடிவிடுவார்கள். கதை பேசுவார்கள். முயல் எப்படி நரியை ஏமாற்றியது, கடவுளுக்கும் சாத்தானுக்கும் என்ன தகராறு, ஜான் என்ற அடிமை தன் முதலாளியை எப்படி முட்டாளாக்கினான் என்று ஒருவரை மிஞ்சி ஒருவர் அளந்துவிடுவார்கள். இந்தக் கதைகளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே 'பொய்கள்'. நம்ம பாஷையில் சொன்னால் அண்டப்புளுகு!

கடைக்கு உப்போ சர்க்கரையோ வாங்க அனுப்பினால் சிறுமி சோரா சீக்கிரம் வீடு திரும்ப மாட்டார். திண்ணைப் பேச்சு காதில் விழும்படி, காலை இழுத்து இழுத்து நடப்பார். பெரியவர்கள் பேச்சைக் கேட்காதே என்று வீட்டில் திட்டு விழும். ஆனாலும், அடுத்த முறையும் அதே கதைதான்.

அந்தப் 'பொய்'களுக்கு ஒரு வேலை இருந்தது என்று அப்போது அவருக்குத் தெரியாது. முதலாளியிடம் நேருக்கு நேர் வாய் திறக்க முடியாத மக்கள், ஜானின் வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா போன பிறகு...

1904-ல் அம்மா இறந்தார். சோராவுக்கு 13 வயது. அதோடு அந்தத் திண்ணையும் பறிபோனது. ஜாக்சன்வில் நகரத்துப் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டார். அப்பா சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார். மூத்த மகளை விடவும் சித்திக்குக் கொஞ்சம்தான் வயது அதிகம். பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம் வரவில்லை. தரை தேய்த்து, சமையலறையில் வேலை செய்து அந்தக் கல்வியாண்டை ஓட்டினார் சோரா. பிறகு, படிப்பும் நின்றது.

அடுத்த பல வருடங்கள் உறவினர் வீடுகள், வீட்டு வேலை, ஊர் ஊராகப் போகும் இசை நாடகக் குழுவில் ஒரு நடிகைக்கு உதவியாளர் வேலை என்று கழிந்தன. பால்டிமோரில் வந்து இறங்கியபோதுதான் அந்தப் பத்து வருடக் கழித்தல் கணக்கு. 1918-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். அப்போது அவருக்கு உண்மை வயது 27.

அடுத்தது வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்கான புகழ்பெற்ற இடம். செலவுக்கு ஒரு முடிதிருத்தகத்தில் நகம் திருத்தும் வேலை பார்த்தார். கடைக்காரர் கறுப்பினத்தவர். ஆனால், வாடிக்கையாளர்கள் வெள்ளையர்கள் மட்டும்தான். அரசியல்வாதிகளின் நகங்களைச் சீராக்கிக்கொண்டே கேட்டதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டார். கல்லூரி இதழில் கதை எழுதினார். இரண்டாண்டுப் படிப்புக்கான சான்றிதழ் கிடைத்தது. முழுப் பட்டம் வாங்கும் முன் பணமும் உடல்நிலையும் காலை வாரிவிட்டன.

ஒன்றரை டாலர்

1925 ஜனவரி. சோரா நியூயார்க் வந்து இறங்கினார். கையில் ஒன்றரை டாலர். வேலை இல்லை. தங்க இடம் இல்லை. பெட்டியில் சில கதைகள் இருந்தன.

நேரம் மட்டும் சரியாக அமைந்தது. ஹார்லெம் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்களும் இசைக் கலைஞர்களும் ஓவியர்களும் ஒன்றுசேர்ந்து கொடிகட்டிப் பறந்த காலம் அது. 'ஆப்பர்ச்சூனிட்டி' என்ற இதழ் இலக்கியப் போட்டி நடத்தியது. மே மாதம் நடந்த பரிசளிப்பு விருந்தில் சிறுகதைக்கு ஓர் இரண்டாம் பரிசு, நாடகத்துக்கு ஓர் இரண்டாம் பரிசு என்று இரண்டையும் வாங்கினார் சோரா.

அந்த விருந்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் ஆனி நாதன் மேயர். பெண்களுக்கான பர்னார்ட் கல்லூரி 1889-ல் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். சோராவைப் பார்த்து, பேசி, பர்னார்டில் இடமும் கட்டணத்துக்கான உதவியும் ஏற்பாடு செய்தார். பிரபல நாவலாசிரியை ஃபேனி ஹர்ஸ்ட் சோராவுக்குச் செயலாளர் வேலை கொடுத்தார். சோராவுக்கு டைப்பிங் சுமார்தான். ஆனால், பேச்சுத்துணைக்கும் கார் ஓட்டவும் அவரைவிட்டால் ஆள் இல்லை.

1925-ன் பிற்பகுதியில் சோரா கல்லூரிக்குள் நுழைந்தபோது, அங்கே வேறு கறுப்பின மாணவி யாரும் இல்லை. வகுப்புத் தோழிகளுக்கு வயது 20-க்கு முன்னே பின்னே. சோராவுக்கு 34. அந்த உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் பர்னார்ட்?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர்கள் இருந்தார்கள். ஆனால், அதன் இளங்கலைக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1983-ல்தான். 1925-ல் ஒரு பெண் அந்தப் பேராசிரியர்களிடம் பட்டப்படிப்புப் படிக்க வேண்டுமானால் அதற்கு வழி, சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த பர்னார்ட்.

சோராவின் திட்டம் ஆங்கில இலக்கியம். மானுடவியலை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார். அந்த வகுப்பை எடுத்தவர் கிளாடிஸ் ரைச்சர்ட். நவஹோ பழங்குடி மக்களைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றவர். சோரா எழுதிக்கொடுத்த ஒரு கட்டுரையைப் படித்த ரைச்சர்ட், 'இதை நீங்கள் பார்க்க வேண்டும்' என்று தன் மூத்த பேராசிரியரிடம் கொண்டுபோனார்.

அந்தப் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸ்.

மண்டையை அளந்தவர்கள்

போவாஸ் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முனைவர் பட்டம் இயற்பியலில். தண்ணீரின் நிறம் பற்றிய ஆய்வு அது. 1883-ல் வட துருவத்தை ஒட்டிய பாஃபின் தீவுக்குப் போய் இனுயிட் மக்களோடு தங்கினார். அந்தப் பயணம் அவரை மனிதர்களின் பக்கம் திருப்பிவிட்டது. அமெரிக்காவில் மானுடவியலை ஒரு முறையான பல்கலைக்கழகப் படிப்பாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அவரே.

அன்றைய அமெரிக்காவில் 'இன மேன்மை' என்பது அறிவியல் போலவே பேசப்பட்டது. தலை நீளமா, அகலமா என்று அளந்தே ஓர் இனத்தின் அறிவைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னால் அந்த நம்பிக்கையும் இருந்தது.

போவாஸ் அவர்களுடைய ஆயுதத்தையே கையில் எடுத்தார். நியூயார்க்கில் குடியேறியவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளிலும் ஏறக்குறைய 18,000 பேரை அளந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் பெற்றோரிடமிருந்து மாறியிருந்தது. சூழல் மாறினால் மாறிவிடும் ஒன்றை வைத்து எப்படி ஓர் இனத்துக்கு நிரந்தரமாக மதிப்பெண் போட முடியும்? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி. எந்த மக்களின் பழக்கத்தையும் அவர்கள் வாழும் சூழலுக்குள் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது சோராவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 'நாகரிகம் தெரியாதவர்களின் பேச்சு' என்று உலகம் ஒதுக்கிய திண்ணைக் கதைகள் அவருக்குள் இருந்தன. உலகப் புகழ்பெற்ற ஒரு பேராசிரியர், 'அவற்றை எழுதி வை. அது ஒரு மக்களின் அறிவு' என்கிறார். அதைப் படிக்க ஒரு துறையும் இருக்கிறது!

ஈட்டன்வில்லில் இருந்தவரை அந்த வாழ்க்கை உடம்போடு ஒட்டிய உடுப்பு மாதிரி இருந்தது, விலகி வந்த பிறகுதான் அதைப் பார்க்கவே முடிந்தது என்ற பொருளில் சோரா பின்னாளில் எழுதினார். விலகி வர ஒரு கல்லூரியும், தூரத்திலிருந்து பார்க்க மானுடவியலும் அவருக்குத் தேவைப்பட்டன. பர்னார்டில் அவர் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஹார்லெம் தெருவில்...

போவாஸ் சோராவுக்குக் கொடுத்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று, ஹார்லெம் மக்களின் தலையை அளப்பது. இடுக்கி போன்ற ஓர் அளவுக்கருவியோடு தெருமுனையில் நின்றார். போவோர் வருவோரை நிறுத்தி, 'கொஞ்சம் உங்கள் தலையை அளந்துகொள்ளட்டுமா?' என்று கேட்டார்.

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வசவு விழுந்திருக்கும். சோராவுக்கு மட்டும் எல்லோரும் தலையைக் காட்டினார்கள் என்று அவருடைய நண்பரும் கவிஞருமான லாங்ஸ்டன் ஹியூஸ் தன் சுயசரிதையில் வேடிக்கையாக நினைவுகூர்ந்திருக்கிறார்.

பார்க்கச் சிரிப்பு வரும் காட்சி. ஆனால், அந்தக் கருவியின் சரித்திரம் சிரிக்கிற விஷயம் இல்லை. அதுவரை கறுப்பினத்தவர்கள் அளக்கப்பட்டார்கள். இப்போது அளப்பவரும் கறுப்பினத்தவர், அதுவும் ஒரு பெண். இன மேன்மைக் கணக்கு தப்பு என்று காட்டும் ஆராய்ச்சிக்காக அளந்தார்.

பர்னார்ட் குரலில் ஒரு தோல்வி

1927 பிப்ரவரி. படிப்பு முடியும் முன்பே சோராவுக்கு 1,400 டாலர் ஆய்வு நிதி கிடைத்தது. தென் மாகாணங்களுக்குப் போய்க் கறுப்பின மக்களின் கதை, பாட்டு, நம்பிக்கைகளைச் சேகரிக்க வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கினார். அதற்கு 'சாஸி சூஸி' என்று செல்லப் பெயர். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த பகுதி அது. கறுப்பினத்தவருக்கு ஹோட்டலில் அறை கிடைக்காது. பல நேரங்களில் காரிலேயே தூக்கம். பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்.

தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால், வேலை நடக்கவில்லை. கல்லூரியில் பழகிய சுத்தமான ஆங்கிலத்தில், 'உங்களுக்கு நாட்டுப்புறக் கதைகள் தெரியுமா?' என்று மரியாதையாகக் கேட்டார். மக்களும் மரியாதையாகவே, தங்களுக்கு எதுவும் தெரியாது, பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். கதை இல்லாமல் இல்லை. அந்நியருக்குச் சொல்ல அவர்களுக்கு இஷ்டம் இல்லை. அவர்களின் கண்ணுக்குச் சோராவும் அந்நியராகிவிட்டார்!

போவாஸிடமிருந்து கடிதம் வந்தது. கதையில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்கத்தானே சொன்னேன் என்ற வருத்தம் அதில் இருந்தது. பேச்சின் நடை, கை அசைவு, உடம்பின் துள்ளல், இவையெல்லாம் எங்கே?

ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது, போவாஸின் முன்னால் நின்று அழுததாகச் சோராவே எழுதியிருக்கிறார்.

அந்த நெருக்கடியில் இன்னொரு தவறும் செய்தார். அலபாமாவில் ஒரு முதியவரைச் சந்தித்தது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1927-ல் ஓர் ஆய்விதழில் வந்தது. அதில் பெரும்பகுதி, 1914-ல் வேறொருவர் எழுதிய புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. 1972-ல்தான், அவர் இறந்து 12 வருடங்களுக்குப் பிறகு, அது வெளியே தெரிந்தது.

12.74 டாலர் கவுன்

அதே ஆண்டு டிசம்பரில் சோரா மறுபடியும் தெற்கே கிளம்பினார். இந்த முறை பணம் கொடுத்தவர் நியூயார்க்கின் பணக்கார விதவை சார்லட் ஆஸ்குட் மேசன். மாதம் 200 டாலர். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. சோரா சேகரிக்கும் அனைத்தும் மேசனுக்கே சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. தன் மக்களின் கதைகளைச் சேகரிப்பதற்காக, அந்தக் கதைகளின் உரிமையையே எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டிய நிலை.

போல்க் கவுன்ட்டியில் மரம் அறுக்கும் ஆலையின் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனார். அங்கேயும் முதலில் யாரும் நெருங்கவில்லை. அவருடைய பளபளக்கும் காரும், பெரிய கடையில் 12.74 டாலருக்கு வாங்கிய கவுனும்தான் காரணம். இவர் போலீஸ் உளவாளியோ என்று சந்தேகம். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது.

சோரா ஒரு புளுகை எடுத்துவிட்டார். 'நானே கள்ளச்சாராயம் கடத்துபவள். போலீஸுக்குப் பயந்து இங்கே ஒளிந்திருக்கிறேன்!' உடனே அவர்மேல் இருந்த சந்தேகம் போனது. சனிக்கிழமை இரவு நடந்த ஆட்டம்பாட்டத்தில் அவர்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடினார். அதோடு அவர்களில் ஒருவர் ஆனார். பரிசு அறிவித்துப் புளுகுப் போட்டியே நடத்தினார். தொழிலாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு கதைகளை அள்ளிவிட்டார்கள். சோரா எழுதி எழுதிக் குவித்தார்.

ஒருமுறை பொறாமை கொண்ட ஒரு பெண் கத்தியோடு அவர்மேல் பாய்ந்தார். அந்தக் குடியிருப்பையே தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த இன்னொரு பெண் நடுவில் புகுந்து காப்பாற்ற, சோரா காரை எடுத்துக்கொண்டு தப்பினார்.

இந்தக் களப்பணிகளுக்கு நடுவே, 1928-ல் அவருக்குப் பட்டம் கிடைத்தது. பர்னார்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

கொசோலாவின் பேச்சு

இரண்டாவது பயணத்தில் சோரா அலபாமாவின் அந்த முதியவரிடம் திரும்பவும் போனார். பெயர் கொசோலா. அமெரிக்காவில் அவரை கட்ஜோ லூயிஸ் என்று அழைத்தார்கள். வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

அடிமைகளைக் கப்பலில் கொண்டுவருவது அமெரிக்காவில் 1808-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு 52 வருடங்கள் கழித்து, 1860-ல், 'க்ளோடில்டா' என்ற கப்பல் சுமார் 110 ஆப்பிரிக்கர்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது. அதில் வந்தவர் கொசோலா. பிடிபட்ட நாள், கடல் பயணம், அடிமை வாழ்க்கை, விடுதலை, தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்தது என எல்லாம் அவர் நினைவில் இருந்தது.

இந்த முறை சோரா அவசரப்படவில்லை. ஏறக்குறைய மூன்று மாதங்கள் போய்ப் போய் வந்தார். பீச் பழம் கொண்டுபோனார். தர்ப்பூசணியைச் சேர்ந்து சாப்பிட்டார்கள். பெரியவர் பேச விரும்பாத நாட்களில் அவரோடு சேர்ந்து தேவாலயத்தைச் சுத்தம் செய்தார். அவருடைய ஆப்பிரிக்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரைக் கேட்டு முதியவர் கண்கலங்கினார்.

கொசோலா எப்படிப் பேசினாரோ, அதே கொச்சையிலேயே அவர் கதையை எழுதினார் சோரா. 1931-ல் ஒரு பதிப்பகம் அந்தப் பேச்சு வழக்கை மாற்றி, பொது ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டது. கையில் காசு இல்லாத நேரம். ஆனாலும் மறுத்துவிட்டார். எப்படிச் சொன்னார்கள் என்பதும் கதையின் பாதி என்று அவருக்குப் பாடம் சொல்லியிருந்தார்களே!

அந்தப் புத்தகம் அவர் உயிரோடு இருந்தவரை வரவில்லை. 'பாரக்கூன்' என்ற பெயரில் 2018-ல் வெளியானது. மொபீல் நதியில் கிடந்த ஒரு சிதைவு க்ளோடில்டாதான் என்று ஆய்வாளர்கள் அறிவித்தது அதற்கு அடுத்த வருடம்.

படித்து என்ன ஆனது?

'இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?' மானுடவியல் என்றதும் எந்த வீட்டிலும் வரும் கேள்வி இது. சோராவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஆறுதலான பதில் எதையும் தரவில்லை.

1935-ல் அவர் சேகரித்த கதைகள் 'மியூல்ஸ் அண்ட் மென்' என்ற புத்தகமாக வந்தன. முன்னுரை எழுதியவர் போவாஸ். கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார், முடிக்கவில்லை. ஹெய்ட்டி தீவில் களப்பணியில் இருந்தபோது ஏழே வாரங்களில் ஒரு நாவல் எழுதினார். 1937-ல் வெளிவந்த 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' என்ற அந்த நாவலில் ஈட்டன்வில் ஊரும், அந்தக் கடைத் திண்ணையும் அப்படியே இருக்கின்றன. கறுப்பின மக்களின் கொச்சைப் பேச்சை எழுதி வெள்ளையர்களைச் சிரிக்க வைக்கிறார் என்று கறுப்பின விமர்சகர்களே சாடினார்கள். ஒரு புத்தகத்துக்காக அவர் பெற்ற அதிகபட்ச ராயல்டி 943.75 டாலர்.

1950-ல் மயாமியில் ஒரு பணக்கார வீட்டில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். அந்த வீட்டு எஜமானி ஒரு பத்திரிகையைப் புரட்டியபோதுதான், அதில் கதை எழுதியிருப்பது தன் வீட்டுப் பணிப்பெண் என்று தெரிந்துகொண்டார்.

1960 ஜனவரி 28. ஃப்ளோரிடாவில் ஆதரவற்றோருக்கான அரசு இல்லத்தில் சோரா இறந்தார். அக்கம்பக்கத்தினர் பணம் திரட்டி அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர்க்கல் இல்லை. அவர் விட்டுச்சென்ற காகிதங்களுக்கு யாரோ தீ வைக்க, அந்த வழியே வந்த ஒரு காவல் அதிகாரி வண்டியை நிறுத்தித் தீயை அணைத்தார். கருகிய ஓரங்களோடு தப்பிய அந்தக் காகிதங்கள் இன்று ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

கல்லில் நிற்கும் கணக்கு

1973-ல் ஓர் இளம் எழுத்தாளர் ஃப்ளோரிடாவுக்கு வந்தார். பெயர் ஆலிஸ் வாக்கர். சோராவின் எழுத்தில் மயங்கியவர். 'நான் சோராவின் அண்ணன் மகள்' என்ற ரீதியில் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிக்கொண்டு ஊரெல்லாம் விசாரித்தார். இடுப்பளவு புதர் மண்டிய இடுகாட்டில் தேடி, சோராவின் கல்லறை என்று தெரிந்த இடத்தில் ஒரு கல் நட்டார். இரண்டு வருடங்கள் கழித்து இந்தத் தேடலைப் பற்றி அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார். சோராவின் புத்தகங்கள் மறுபடியும் அச்சுக்கு வந்தன.

அந்தக் கல்லில் சோராவின் பெயருக்குக் கீழே மூன்று அடையாளங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாவலாசிரியர். நாட்டுப்புறவியலாளர். மானுடவியலாளர். முனைவர் பட்டம் முடிக்காத, வேலை கிடைக்காத, பணிப்பெண்ணாக இருந்த ஒருவருக்கு அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சமும் அதிகமில்லை.

கல்லில் ஒரு பிழை மட்டும் இருக்கிறது. பிறந்த வருடம் 1901 என்று செதுக்கியிருக்கிறார்கள். பால்டிமோரில் பள்ளிக்கூடத்தில் சேருவதற்காக அவர் சொன்ன அதே வருடம். உண்மையான 1891 அப்போது வாக்கருக்குத் தெரியாது.

கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் முதலில் படிப்பது அந்தப் பொய்யைத்தான். ஈட்டன்வில் கடைத் திண்ணையில் இருந்தவர்கள் கேட்டிருந்தால், 'நல்ல பொய்!' என்று சொல்லித் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள்.